முன்வரிசையும் மூன்றாம் மாடியும்

இனி யாருக்காகவும் ஒரு ராட்டினச் சவாரியைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று ராட்டினத்தார் கொள்கை முடிவெடுத்தபோது மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கொள்கை உறுதியாக இருந்தது. கிளிப்புதான் கிடைக்கவில்லை.

ராட்டினத்தார் என்பது தெரு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கையெழுத்துப் போடும்போது மட்டும் அவருக்கு ஞாபகம் வரும். லிஃப்ட் கம்பெனியில் வேலை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அவசர பட்டனை அழுத்தினால், "பதறாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்கு" என்று மறுமுனையில் சொல்லும் கனிவான குரல் அவருடையது. ஆள் வருகிறதா என்பது அவருக்கும் தெரியாது. இப்படி நாள் முழுக்க நடுவழியில் நின்றுபோனவர்களோடு பேசிப் பேசியே, நிற்காமல் ஏறி இறங்கும் எதைக் கண்டாலும் அவருக்கு உயிர் என்றாகிவிட்டது.

ஊரில் எந்தத் தீம் பார்க்கில் எது புதிதாக வந்தாலும் முதலில் ஏறுவார். ஏறிவிட்டு வந்து, தண்ணீர்த் தொட்டிமேல் செல்போனைச் சாய்த்துவைத்து, வீடியோவில் உலகத்துக்குக் கருத்துச் சொல்வார். உலகம் என்பது பெரும்பாலும் தப்பாக அழுத்திவிட்டவர்கள்.

"சவாரி ரெண்டு வகை," என்பார். "வயிறு தொண்டைக்கு வர்றது ஒண்ணு. தொண்டை வயித்துக்குப் போறது ஒண்ணு. ரெண்டுமில்லாம சும்மா சுத்துறதுக்குப் பேரு சவாரி இல்ல, மாவரைக்கிறது."

பருவகாலச் சிறப்புகளைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. குளிர்காலத்துப் பனித் தோட்டத்தைப் பற்றி, "பனின்னு சொல்லி சோப்பு நுரையத் தூவுறாங்க. ஆளைத் துவைச்சு அனுப்புறதுக்கு டிக்கெட் எதுக்கு? நம்ம வீட்டு வாஷிங் மெஷின்லயே உட்கார்ந்துக்கலாமே" என்றார். மழைக்காலப் பேய் மாளிகையைப் பற்றிச் சொன்னது இன்னும் மோசம். "பேய் டீ குடிக்கப் போயிருந்துச்சு. உள்ள பயமா இருந்தது மேல ஒழுகுன தண்ணி மட்டும்தான்."

இதையெல்லாம் ஊர் 'ஆர்வம்' என்று மரியாதையாகச் சொன்னது. ஓர் ஆண்பிள்ளை தலைகீழாகத் தொங்கினால் அது ஆர்வம். ஒரு பெண் அரைமணி நேரம் சன்னலோரம் சும்மா உட்கார்ந்தால், அவளுக்கு வேறு வேலை இல்லை. இது எந்த ஊர் நியாயம்? அவர் மனைவியும் எல்லாப் பார்க்குக்கும் கூடவே போனவள்தான். அவருடைய கண்ணாடி, கைக்கடிகாரம், மணிபர்ஸ், செருப்பு எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். தீம் பார்க் பெஞ்சுகளைப் பற்றி அவளுக்கும் கருத்து உண்டு. யாரும் கேட்டதில்லை.

போகட்டும். கதைக்கு வருவோம்.

ஊருக்கு வெளியே உள்ள பெரிய பார்க்கில் 'பாதாளப் பாய்ச்சல்' என்று ஒரு புதிய ரோலர் கோஸ்டர் வந்தது. தரையில் தொடங்கி, மேகத்தை விசாரித்துவிட்டு, நேராகப் பூமிக்குள் இறங்கும் என்று விளம்பரம் சொன்னது. நுரைப் பனியைப் பற்றிய கருத்தைப் பார்த்துவிட்டோ, இவர் வாயை அடைக்க இதுதான் வழி என்று நினைத்தோ, பார்க்குக்காரர்கள் ராட்டினத்தாரை ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டத்துக்கு அழைத்துவிட்டார்கள். முன்வரிசை. துணைக்கு ஒருவரையும் அழைத்து வரலாம்.

முன்வரிசை என்றால் என்னவென்று வெளியாட்களுக்குப் புரியாது. பின்னால் இருப்பவர்கள் முன்னால் இருப்பவர்களின் தலையைப் பார்த்துக்கொண்டு இறங்குவார்கள். முன்வரிசைக்காரன் மட்டும்தான் பாதாளத்தை நேருக்கு நேர் பார்ப்பான். ராட்டினத்தார் இதற்காகத்தான் பிறந்திருந்தார்.

அதே ஞாயிற்றுக்கிழமை அவர் மைத்துனன் வீடு மாறுகிறான். புது வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. தொழில்முறையில் இதுவே அவருக்கு ஓர் அவமானம். மனைவியின் தாய்வீட்டுச் சீதனமாகக் கிடந்த இரும்பு பீரோ ஒன்று தம்பி வீட்டுக்குப் போயிருந்தது. யானைக்கு ஒரு கதவு வைத்தால் எப்படியோ, அப்படி ஒரு பீரோ. "கவலைப்படாதே மச்சான், நான் தூக்கித் தரேன்" என்று சாப்பாட்டு மயக்கத்தில் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தார்.

ராட்டினத்தார் சலூனுக்கு ஓடினார். சலூன்காரர்தான் ஆத்ம நண்பர். துணைச் சீட்டும் அவருக்குத்தான் என்று ஏற்பாடு.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிட வேண்டியதுதான்" என்றார் சலூன்காரர், ஒருவருடைய கிருதாவை அளந்துகொண்டே.

"என்னன்னு சொல்றது? காய்ச்சல்னா தொட்டுப் பார்ப்பா."

"வயித்து வலி?"

"கஞ்சி வெச்சுக் கொடுத்துட்டு, குடிச்சுட்டுத் தூக்குங்கம்பா."

"முதுகு வலி?"

"பீரோவைப் பார்த்ததும் வந்துச்சான்னு கேப்பா."

சலூன்காரர் கத்திரியை நிறுத்தாமலே யோசனை சொன்னார். "தலை சுத்தல். அதைத் தொட்டுப் பார்க்க முடியாது. தெர்மாமீட்டர் வைக்க முடியாது. தலை சுத்துதுன்னு ஒருத்தன் சொன்னா, இல்லைன்னு சொல்ல உலகத்துல ஆள் கிடையாது."

நாற்காலியில் இருந்தவர்கூட ஆமோதித்துத் தலையாட்டினார். அதனால் அவருக்கு ஒரு கிருதா போயிற்று.

திட்டம் அருமை. அதில் ஓட்டை ஒன்றே ஒன்றுதான். ராட்டினத்தாரின் மனைவி காது, மூக்கு, தொண்டை டாக்டரின் கிளினிக்கில் பரிசோதனைகள் செய்யும் வேலையில் இருந்தாள். அது அவருக்குத் தெரியாதா என்றால், தெரியும். அது காது, மூக்கு, தொண்டை. தலை அந்தப் பட்டியலில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஆபீஸில் என்ன செய்கிறாள் என்று ஒரு தடவையாவது கேட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சமையலறை வாசற்படியில் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, தலை சுத்துது."

அவள் அடுப்பை அணைத்தாள். "எந்தப் பக்கமா சுத்துது?"

இந்தக் கேள்விக்கு அவர் தயாராக வரவில்லை. "ரெண்டு பக்கமும்."

"ஒரே நேரத்துலயா?"

"மாத்தி மாத்தி."

"நீங்க சுத்துறீங்களா, வீடு சுத்துதா?"

"வீடுதான்" என்றார், தான் சுற்றினால் தன் தப்பாகிவிடும் என்று.

"சரி. நாளைக்குக் கிளினிக்குக்கு வாங்க."

"காது டாக்டர் எதுக்கும்மா? எனக்குத் தலைதானே?"

"தலை சுத்துறது தலையில இல்லீங்க. காதுக்குள்ள." அவள் குரலில் உண்மையான கவலை இருந்தது. அதுதான் அவரை ஏமாற்றிவிட்டது. அவளும் அந்த நிமிஷம்வரை அவரை நம்பத்தான் செய்தாள்.

சனிக்கிழமை காலை. கிளினிக்கின் உள் அறையில் ஒரு நாற்காலி. பெல்ட் போட்டு உட்காரவைத்து, மெதுவாகவும் வேகமாகவும் சுற்றிவிட்டு, நிறுத்தியதும் கண் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். பெல்ட்டைப் பார்த்ததுமே ராட்டினத்தாருக்கு உள்ளுக்குள் ஏதோ துளிர்விட்டது. அடக்கிக்கொண்டார். டாக்டர் வழுக்கைத் தலையைத் தடவியபடி ஓரமாக நின்றார்.

"கண்ணை மூடிக்குங்க" என்றாள் மனைவி. "சுத்துறப்ப எப்படி இருக்குன்னு சொல்லிக்கிட்டே வாங்க."

அவ்வளவுதான். வாழ்நாளில் அவரிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. கேட்காமலே சொன்னவர், கேட்டால் விடுவாரா?

நாற்காலி நகர்ந்தது.

"தொடக்கம் மந்தம்" என்றார் ராட்டினத்தார். "ஆளை எதிர்பார்க்க வைக்கணும், தூங்க வைக்கக் கூடாது. ம், இப்ப பரவாயில்ல. கால் வைக்கிற இடம் சரியில்ல. பெல்ட் நல்ல பெல்ட். வலப்பக்கத் திருப்பம் இன்னும் கொஞ்சம் கூர்மையா இருக்கலாம்."

டாக்டர் ராட்டினத்தாரின் மனைவியைப் பார்த்தார். மனைவி வேகத்தைக் கூட்டினாள்.

"குமட்டுதா சார்?" என்றார் டாக்டர்.

"இதுக்கா? டாக்டர், தப்பா நினைக்காதீங்க. இது குழந்தைங்க சவாரி. நாளைக்கு நான் பாதாளப் பாய்ச்சல்ல முன்வரிசையில உட்காரப் போறேன். அதோட பார்த்தா இதெல்லாம் ஊஞ்சல்."

நாற்காலி நின்றது.

"அதுக்குள்ள நிறுத்திட்டீங்களே," என்றார் கண்ணைத் திறக்காமல். "உச்சத்துக்கு வர்ற நேரத்துல."

டாக்டர் அவர் கண்ணை விரித்துப் பார்த்தார். இரண்டு காதுகளிலும் விளக்கடித்தார். "சிஸ்டர், உங்க வீட்டுக்காரருக்குக் காது ரெண்டும் கருங்கல்லு. இவரை மிக்ஸியில போட்டுச் சுத்தினாலும் தலை சுத்தாது."

கத்தும் மனைவியைச் சமாளித்துவிடலாம். இவள் புன்னகைத்தாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், சன்னலோரம் உட்கார்ந்து, அவர் செல்போனையே வாங்கிப் பார்க்குக்குப் பேசினாள்.

"வணக்கம், நான் காது டாக்டர் கிளினிக்ல இருந்து பேசறேன். நாளைக்கு நீங்க முன்வரிசைக்குக் கூப்பிட்டிருக்கிறவருக்கு நேத்துலேர்ந்து தலை சுத்தல்னு சொல்றாரு. ஆமாங்க. வீடே சுத்துதாம். ஏத்த மாட்டீங்களா? நானும் அதான் நினைச்சேன். அவர் சம்சாரம்தான். நான் வரலாமா? ரொம்ப சந்தோஷம். துணைக்கு என் தம்பி பொண்டாட்டியக் கூட்டிட்டு வரேன்."

ராட்டினத்தாருக்கு உலகம் இப்போதுதான் நிஜமாகவே கொஞ்சம் ஆடியது.

"சலூன்காரர்?" என்றார் ஈனக்குரலில்.

"காலையிலயே போன் பண்ணி, அண்ணனுக்கு எப்படி இருக்குன்னு விசாரிச்சாரு. அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நாளைக்கு நீங்க நேரத்தோட தம்பி வீட்டுக்குப் போயிடுங்க. பீரோ காத்துக்கிட்டிருக்கும்."

"பீரோவா? எனக்குத்தான் தலை சுத்தலாச்சே. நீதானே இப்ப போன்ல சொன்னே?"

"டாக்டர் கருங்கல்லுன்னு சொன்னாரே. நீங்களும்தானே கேட்டீங்க?"

ராட்டினத்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தர்க்கம் தன் பக்கம் இருப்பதாக அவருக்குப் பட்டது. "ஒரு நியாயம் வேணாமா? பார்க்குக்குப் போனா எனக்குத் தலை சுத்தும், உன் தம்பி வீட்டுக்குப் போனா சுத்தாதா? ஒரே தலை, ரெண்டு இடத்துல ரெண்டு விதமா இருக்குமா?"

"நல்லாக் கேட்டீங்க. நேத்து சாயங்காலம் நீங்க எப்படி வெச்சிருந்தீங்க? தம்பி வீட்டுக்குன்னா சுத்தும், பார்க்குக்குன்னா சுத்தாது. நான் புதுசா எதுவும் பண்ணலீங்க. இடத்தை மட்டும் மாத்தி வெச்சேன்."

முன்சீட்டில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி அவரைப் பார்த்து, 'விட்டுடுங்க' என்பதுபோல் தலையசைத்தார்.

ஞாயிறு காலை. அந்தக் கட்டடத்தைக் கட்டிய கொத்தனார் நேர்வழிக்காரர். தெருவாசலிலிருந்து மூன்றாம் மாடிவரை வளைவே இல்லாமல் ஒரே நேர்ப் படிக்கட்டு. கீழே நின்று பார்த்தால் மேலே வெளிச்சம் பொட்டாகத் தெரிந்தது. மெத்தைகளையெல்லாம் வாசலில் அடுக்கிப் போட்டிருந்தார்கள்.

மைத்துனன் மேலிருந்து இழுக்க, ராட்டினத்தார் கீழிருந்து முட்டுக் கொடுக்க, பீரோ மல்லாந்தபடி ஒவ்வொரு படியாக ஏறியது. முதல் மாடியில் தம் சட்டையை இழந்தார். இரண்டாம் மாடியில் தன்மானத்தை இழந்தார். அதே நேரத்தில் ஊருக்கு வெளியே முன்வரிசையில் இரண்டு பெண்கள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பு, பீரோவைவிடக் கனத்தது.

ஒருவழியாக, மத்தியானத்தில், மூன்றாம் மாடித் தரையில் பாதியும், படிக்கட்டின்மேல் பாதியுமாகப் பீரோவை நிறுத்தினார்கள்.

"மாமா, கதவுச் சாவி எடுத்துட்டு வரேன். அசையாம பிடிச்சுக்குங்க" என்று மைத்துனன் சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்குள் போனான்.

ராட்டினத்தார் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரோரமாக மேலே வந்து சாய்ந்து பிடித்துக்கொண்டார். பிறகு, உட்கார்ந்தும் பிடிக்கலாமே என்று பீரோவின்மேலேயே உட்கார்ந்தார். அதுவும் படிக்கட்டுப் பக்கத்துப் பாதியில்.

தராசு சாய்வதுபோல் பீரோ மெல்லத் தலைகுனிந்தது. அவர் கீழே பார்த்தார். மறைக்க எதிரே ஒரு தலையும் இல்லை. பாதாளம் நேருக்கு நேர் தெரிந்தது.

கடகடவென்று அது இறங்கிய சத்தத்தில் எல்லா மாடிக் கதவுகளும் திறந்தன. இரண்டாம் மாடியில், ஞாயிறு என்பதால் அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர், பீரோமேல் ஒரு மனிதர் சட்டையில்லாமல், இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி போவதைக் கண்டு பிரஷ்ஷை விழுங்கப் பார்த்தார். கையை ஏன் தூக்கினார் என்று பிறகு கேட்டார்கள். முன்வரிசையில் கை தூக்குவதுதான் மரபு.

பீரோ வாசலைத் தாண்டி மெத்தைகளில் முட்டி நின்றது. ராட்டினத்தார் அதன்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எதுவும் உடையவில்லை. முகத்தில் ஞானம் பெற்றவரின் களை.

மைத்துனன் சாவியோடு மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்த அதே நேரம், ஆட்டோவிலிருந்து இரண்டு பெண்களும் இறங்கினார்கள். தலைமுடி இருவருக்கும் வானத்தைப் பார்த்து நின்றது. கண்ணில் அப்படியொரு பளபளப்பு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்தில் மனைவி முகத்தில் அவர் அதைப் பார்த்ததே இல்லை. கீழே இறங்கிவந்து அவள் முகத்தைப் பார்த்ததும் இல்லை.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அவமானத்தையும் மீறி, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பரவாயில்லீங்க" என்றாள் மனைவி. "இறங்குற வேகத்துல என்ன நடந்துச்சுன்னே புரியல. கருத்துக் கேட்டாங்க. 'ஒரு தடவையில என்னத்தச் சொல்றது'ன்னேன். உடனே ரெண்டாவது தடவையும் ஏத்திவிட்டாங்க."

மைத்துனன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து மூன்றாம் மாடியைப் பார்த்தான்.

"மாமாவுக்கும் இப்ப ரெண்டாவது தடவைதான் அக்கா."