அங்கமுத்து நிரபராதி என்று காக்காயிடம் சொன்னது

பத்திரிகை ஆசிரியர் ஐயா சமூகத்துக்கு, அஞ்சாவது வரை படித்த திருமுல்லைவாயில் நாகம்மா கும்பிட்டு எழுதிக்கொண்டது. நீங்களும் உங்கள் ஆபீஸ்காரர்களும் பச்சையம்மன் புண்ணியத்தில் சௌக்கியமாக இருக்க வேண்டும். நானும் சௌக்கியம் என்று எழுத வேண்டிய இடம் இது. எழுத வரவில்லை.

என் வீட்டுக்காரர் சம்பந்தம், ஆவடியில் பாக்டரி வேலை பார்த்து ஓய்ந்தவர், போன மாதம் தவறிவிட்டார். உங்கள் பத்திரிகையில் வாராவாரம் வரும் பழைய கொலை வழக்குகளை எனக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். எழுபது வருஷத்துக்கு முந்தி பூந்தமல்லியில் எஜமானியம்மாளைக் கொன்றான் என்று சமையல்காரன் அங்கமுத்துவைத் தூக்கில் போட்ட கதை வந்ததே, அதிலிருந்துதான் எங்கள் வீட்டுக்குச் சனி பிடித்தது. கொலை நடந்த நேரம் முழுக்கக் கொல்லையில் ஆட்டுக்கல் சத்தம் நிற்காமல் கேட்டதாகப் பக்கத்து வீட்டம்மா சாட்சி சொல்லியிருக்கிறாள். மாவாட்டிக்கொண்டிருந்தவன் மாடிக்குப் போய் எப்படிக் கொல்வான், அநியாயமாகத் தொங்கவிட்டார்கள் என்று இவர் அங்கமுத்து கட்சி. நான் மாவாட்டின கை ஐயா. அரிசி போட, தண்ணீர் தெளிக்க, மாவு வழிக்க என்று நின்று நின்றுதான் சத்தம் வரும். நிற்காமல் வந்தால் யாரோ வெறும் கல்லைச் சுற்றியிருக்கிறார்கள். சத்தம் காட்ட ஆள் வைத்துவிட்டு அங்கமுத்து மேலே போயிருக்கிறான் என்பது என் கட்சி. மூன்று மாதம் சாயங்கால டீக்கு இதே சண்டை. நடுவில் ஒருநாள் முழங்கை வரை வெள்ளையாக வந்து நின்றார், கேட்டதற்குச் சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தேன் என்றார். கடைசி நாளும் டீயை ஆற்றிக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. "அங்கமுத்துதான்யா கொன்னான். டீ ஆறுது, குடி." டம்ளரைக் கீழே வைத்தார், நெஞ்சைப் பிடித்தார், அவ்வளவுதான்.

எதிர்த்து எதிர்த்துப் பேசியே அண்ணனை அனுப்பிவிட்டாள் என்று என் நாத்தனார் ஜெகதாம்பாள் சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் சாட்சி சொன்னாள். கருமாதி அன்று பிண்டம் வைத்தால் காக்காய் வரவில்லை. மதில்மேல் எட்டு உட்கார்ந்திருக்கிறது, ஒன்றும் இறங்கவில்லை. அவருக்கு என்ன மனக்குறையோ என்று ஆளாளுக்கு வாக்குக் கொடுத்தார்கள். மகள் ரேவதி, அம்மாவை முகப்பேருக்கே கூட்டிப்போகிறேன் என்றாள். மச்சினர் மனோகரன் குடியை விடுகிறேன் என்றார், அவருக்கே நம்பிக்கையில்லை, காக்காய்க்கு எப்படி வரும். கடைசியில் ஜெகதாம்பாள் என் கையைப் பிடித்தாள். "அண்ணனுக்கு இன்னா வோணும்னு எனக்குத் தெரியும். அங்கமுத்து கொல்லலன்னு உன் வாயால சொல்லு அண்ணி, அது வரிக்கும் அவரு எறங்க மாட்டாரு." அறுபது பேர் வெயிலில் பசியோடு நிற்கிறார்கள். இலை போடட்டுமா என்று சமையல்காரர் ரெண்டு தரம் கேட்டுவிட்டார். கையெடுத்துக் கும்பிட்டேன். "அவன் நிரபராதிதான்யா. நீ சாப்புடு." சொன்ன வாய் மூடவில்லை, ஒரு காக்காய் இறங்கி வடையிலிருந்து ஆரம்பித்தது.

அன்றிலிருந்து எனக்குப் படபடப்பு அடங்கவில்லை ஐயா. நான் சொன்னது பொய்யென்றால், பிண்டத்துக்கு முன்னால் புருஷனையே ஏமாற்றினேன், செத்த எஜமானியம்மாளும் என்னைச் சும்மா விடமாட்டாள். மெய்யென்றால், ஒரு நிரபராதியை மூன்று மாதம் தினம் ஒரு தரம் தூக்கில் போட்டிருக்கிறேன், அந்தச் சண்டையில்தான் இவர் நெஞ்சும் நின்றிருக்கிறது. அங்கமுத்துவுக்காவது வக்கீல் இருந்தார். வரும் அமாவாசைக்கு இவருக்குப் படைக்க வேண்டும், அவர் முன்னால் எந்த வாயோடு நிற்பேன்? கோர்ட்டுக் காகிதக் கட்டுகளையெல்லாம் பார்த்தவர் நீங்கள், கொன்றானா இல்லையா என்று ஒரு வரி எழுதிப் போடவும்.

உங்கள் பிள்ளைகுட்டிகள் எந்தக் கூண்டிலும் ஏறாமல் நூறு வயசு இருக்கட்டும்.

இப்படிக்கு,
சம்பந்தம் சம்சாரம் நாகம்மா

பின்குறிப்பு: ஸ்டாம்பு தேடி அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். உங்களுக்கு எழுதி அனுப்பாத கார்டு இருக்கிறது. "ஐயா, எதிர் வீட்டு சுதா அம்மா ஆட்டுக்கல்லில் ஒரு படி அரிசி நானே ஆட்டிப் பார்த்துவிட்டேன். நிற்காமல் சத்தம் வராது. என் சம்சாரம் சொல்வதுதான் சரி. இதைப் பத்திரிகையில் போட வேண்டாம். அவள் ஜெயித்துவிட்டால் சாயங்காலம் என்னோடு பேச ஒன்றும் இருக்காது."

அப்போ காக்காய் வந்தது வடைக்குத்தான். ஐயா, நீங்கள் பதில் போட வேண்டாம். அமாவாசைக்கு நான் அங்கமுத்து கட்சியிலேயே இருக்கிறேன். அவர் வந்து எதிர்த்துப் பேசட்டும்.