கழிவு போக அறுபத்தெட்டு

தேனி மாவட்டத்தில் தராசைப் போல எடை தெரிந்த ஆள் கிடையாது. அவரைப் போல எடையில் பொய் சொன்ன ஆளும் கிடையாது. தராசு என்பது எங்கள் பள்ளிக்கூட வாட்ச்மேன். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

சின்னமனூரில் வாழைக்காய் மண்டியில் இருபது வருஷம் எடை போட்டவர். மூட்டுவலி வந்து எங்கள் கேட்டுக்கு வந்தார். பழக்கம் போகவில்லை. யார் உள்ளே நுழைந்தாலும் மேலும் கீழும் பார்ப்பார். ஆய்வுக்கு வந்த அதிகாரி காரை விட்டு இறங்கி இரண்டு எட்டு வைப்பதற்குள், "எம்பத்தி நாலு" என்றார்.

"என்னய்யா சொல்ற?"

"ஒண்ணுமில்லைங்கய்யா. சூ போக எம்பத்தி மூணு."

நான் அங்கே பி.டி. வாத்தியார். பேர்தான் பி.டி. விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டார், கொடுத்தேன். அறிவியல் டீச்சர் கேட்டார், கொடுத்தேன். பிள்ளைகள் வேனில் வந்து உட்கார்ந்தார்கள், வேனில் டியூஷனுக்குப் போய் உட்கார்ந்தார்கள், பேக்கரியில் பப்ஸ் தின்று வீட்டுக்குப் போனார்கள். உடம்பு போட்டது. அதற்குப் பிள்ளைகளைத் திட்டினோம். வெட்கங்கெட்ட வேலை.

வருஷத்துக்கு ஒருமுறை வராந்தாவில் எடை மெஷினை வைப்போம். நான் எண்ணைக் கத்துவேன், லீடர் எழுதுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் ரம்யா என்று ஒரு பிள்ளை, மார்க்கையன்கோட்டைக்காரி. அவள் எண்ணை நான் கத்திய நாளிலிருந்து பள்ளியில் டிபன் பாக்ஸைத் திறப்பதையே விட்டுவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒளிந்து ஒளிந்து தின்றாள்.

மறுவருஷம் தராசு என்னிடமிருந்து வேலையைப் பிடுங்கினார். "நீங்க எழுதுங்க சார். கூப்பாடு போடுறது எங்க தொழிலு."

மண்டியில் வாழைத்தாரை நிறுத்தால், தண்டுக்கென்று ஒன்றிரண்டு கிலோ கழிப்பார்கள். அதற்குக் கழிவு என்று பேர். அந்த வழக்கத்தை இவர் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார்.

"ஏலே, பையில என்ன, கல்லா? ரெண்டு கழிவு. அறுபது! ஆத்தா நீ வா. ரெட்டைச் சடை. சடைக்கு ஒண்ணு, ரிப்பனுக்கு ஒண்ணு. அம்பத்தஞ்சு!"

"ரிப்பன் ஒரு கிலோவாண்ணே?"

"நனைஞ்ச ரிப்பன் ஆத்தா."

ரம்யா ஏறினாள். மெஷின் எண்பத்தாறு காட்டியது. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். வராந்தா சிரிக்கத் தயாராக இருந்தது. தராசு தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அறுபத்தெட்டு!" என்று கத்தினார்.

"கழிவு இம்புட்டாண்ணே?" என்றேன் காதோடு.

"அழுகைய அடக்கிக்கிட்டு நிக்கிது சார். அது கனமில்லையா? எழுதுங்க."

எழுதினேன். அன்றைக்கு மத்தியானம் அவள் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அந்த நோட்டைப் பார்த்துத்தான் எடை கூடிய பிள்ளைகளை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். எழுபதைத் தாண்டியவர்களைப் பட்டியல் போட்டவன் நான். ரம்யா அதில் இல்லை. அவள் கழுத்தைச் சுற்றிக் கறுத்திருந்தது. அழுக்கு என்று பிள்ளைகள் கேலி செய்ய, புண்ணாகும் வரை தேய்த்தாள். "நல்லாத் தேய்ச்சுக் குளி" என்று நானும் சொல்லியிருக்கிறேன். சர்க்கரை வரப்போகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை. தீபாவளி முடிந்து ஒரு காலை, பிரேயரில் சுருண்டு விழுந்தாள்.

தேனி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. சர்க்கரை எகிறிவிட்டது என்றார்கள்.

"நோட்டுல அறுபத்தெட்டுன்னுல்ல சார் போட்டிருந்துச்சு?" என்று அவள் அம்மா என்னைக் கேட்டார். "எம்மக எளைச்சிட்டான்னு ஊரெல்லாம் சொன்னேனே."

நான் பக்கத்தில் நின்ற தராசைப் பார்த்தேன். தராசு முன்னால் வந்தார். "நாந்தான் தாயி பொய் சொன்னேன். புள்ள ஒரு வாய் சோறு திங்கட்டும்னு சொன்னேன்."

அந்த அம்மா அவரை அடித்தார். நின்று வாங்கிக்கொண்டார். நோட்டில் இருந்தது என் கையெழுத்து. எனக்கு ஒரு அடியும் விழவில்லை.

ரம்யா பிழைத்தாள். ஊசியும் மாத்திரையும் கொடுத்து, தினம் நடக்கச் சொன்னார்கள். தெருவில் சிரிப்பார்கள், மாட்டேன் என்றாள். மறுநாளிலிருந்து தராசு விடியற்காலை பஸ் ஏறி மார்க்கையன்கோட்டைக்குப் போய், அவள் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவளோடு பள்ளிக்கு நடந்து வந்தார். அந்த மூட்டுவலியோடு. வழியில் சிரித்தவனையெல்லாம் எடை போட்டார்.

"வாரான் பாரு, மூளை போக நாப்பத்தொம்பது. மூளையோட நிறுத்தாலும் நாப்பத்தொம்பதுதான்."

ரம்யா சிரித்துக்கொண்டே நடந்தாள். அவள் அம்மாவும் அவருக்கு ஒரு டம்ளர் காபி வைக்க ஆரம்பித்தார்.

மாசியில் தராசு நெஞ்சுவலியில் போய்விட்டார். தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். கனமே இல்லை.

இந்த ஜூனில் கணக்கு வாத்தியார் பீரியட் கேட்டார். கொடுக்கவில்லை. எடை மெஷினை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ரம்யா இப்போது பதினொன்றாம் வகுப்பு. ஏறி நின்றாள்.

"எழுபத்தொம்பது" என்று அவளுக்கு மட்டும் கேட்கச் சொல்லி, அதையே எழுதினேன்.

"தராசண்ணே இருந்தா என்ன சொல்லியிருப்பாக சார்?"

"அதே பதினெட்டு கழிவு போக அறுபத்தொண்ணு" என்றேன்.

அவள் மெஷினை விட்டு இறங்கவில்லை. நானும் இறங்கச் சொல்லவில்லை.