மேசைக்கு அடியில் ஒரு மகத்தான திட்டம்

டான்யூப் கரையில், எங்கள் ரூசே நகரில், ரோமானியர் கோட்டை கட்டினார்கள். துருக்கியர் மதில் எழுப்பினார்கள். பல்பொருள் அங்காடி மேலாளர் ருமென் எழுபது விழுக்காடு தள்ளுபடி அறிவித்தார். முதலிரண்டும் இடிந்துவிட்டன. மூன்றாவதை இடிக்க ஆளில்லை. உள்ளே வரவே ஆளில்லையே.

நானூறு பச்சை எனாமல் பாத்திரங்கள் கோபுரமாக நின்றன. 'கவர்ச்சி'க்காக மேலே ஒரு விளக்கு சுழன்றது. வந்தவர்கள் விலையைப் பார்த்து, இவ்வளவு மலிவென்றால் நிச்சயம் ஓட்டைதான் என்று தீர்ப்பெழுதிவிட்டுப் போனார்கள். மாதக் கடைசிக்குள் விற்காவிட்டால் பாத்திரப் பிரிவையே மூடுவதாகத் தலைமையகம் எழுதியது. அந்தப் பிரிவில் முப்பத்தெட்டு வருடமாக நிற்பவள் பென்கா. ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கே மாதம்.

பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியில், கடைகள் காலியாகக் கிடந்த காலத்தில், அவள் விற்ற எதையும் ஊர் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் மேசைக்கு அடியில், வேண்டியவர்களுக்கு மட்டும். பென்காவுக்கு அது ஞாபகம் வந்தது. மறுநாள் கோபுரத்தைக் கலைத்து மேசைக்கு அடியில் தள்ளி, சாக்கைப் போர்த்திவிட்டு, நகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

சந்தைப் பையுடன் போன ஒருத்தி நின்றாள்.

"என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"சாக்குக்கு அடியில என்னமோ இருக்கே?"

"இருக்கு. உங்களுக்கில்ல."

அவள் நெருங்கி வந்தாள். பென்கா இடமும் வலமும் பார்த்தாள்.

"உங்களுக்கு மட்டும்தான்க்கா. ஆளுக்கு ரெண்டு, முழு விலை. வெளியில மூச்சு விடாதீங்க."

அவள் மூச்சு விடாத அழகுக்கு, அரை மணியில் வரிசை நாடக அரங்கம்வரை நீண்டது. மூன்றே நாளில் நானூறும் தீர்ந்தன. சிலருக்கு மூடி பொருந்தவில்லை. அதையும் அவர்கள் ரகசியமாகவே காப்பாற்றினார்கள்.

தலைநகர் சோபியாவிலிருந்து தலைமையகக் குழு பறந்து வந்தது. பென்காவின் தந்திரத்துக்கு 'பிரத்யேக மறைவனுபவத் திட்டம்' என்று ஞானஸ்நானம் செய்தது. கூட்டத்தில் ருமென் அவளைப் பொக்கிஷம் என்றார், எல்லாரும் கைதட்டினார்கள். அவள் கிசுகிசுப்பை ஒரு கருவியில் பதிவும் செய்துகொண்டார்கள். பிறகு குழு ஆழ்ந்து சிந்தித்தது: சரக்கு மறைந்தே இருக்குமானால் அடுக்க ஆள் எதற்கு? துடைக்க ஆள் எதற்கு? கிசுகிசுக்கத்தான் கருவி இருக்கிறதே.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ருமென் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். இடமும் வலமும் பார்த்தார். தன் மேசைக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தார்.

"உங்களுக்கு மட்டும்தான்க்கா. வெளியில மூச்சு விடாதீங்க."

பணிநீக்கக் கடிதம். ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று மாதம்.

பென்கா கதவைத் திறந்தாள். வெளியே பதினோரு விற்பனைப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றவள் காதோரம் வந்து, உள்ளே என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டாள்.

"இடிச்சுக்காம நில்லுங்கடி," என்றாள் பென்கா, கடை முழுக்கக் கேட்கும்படி. "எல்லாருக்கும் இருக்கு."