இராசேஸ்வரி இறால் கொண்ட காதை

கடல் கடந்து வந்தும் அடுக்களை கடவாத கைகளை உடையவளும், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இரண்டு அறையும் ஒரு குசினியும் கொண்ட நாட்டைத் தனியொருத்தியாக ஆள்பவளும், கிளாக்கர் சிவசம்புவின் இல்லக்கிழத்தியும், தனக்கென்று எதையும் கேட்டறியாத நாவினளுமான இராசேஸ்வரி வாழ்க. அவளைப் பாடப் புகுந்தேன். கொதிக்கும் எண்ணெயில் வீற்றிருக்கும் தேவதை எவளோ, அவள் என் சொல்லுக்குத் துணை வருக.

போர் மூண்ட காரணம் இது. சம்பள நாள்தோறும் சிவசம்பு அலுவலகத் தோழர்களோடு பெட்டாலிங் தெருவில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடைக்குப் போவார். வீடு திரும்பிச் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக் கண் மூடி, மாவில் தோய்த்துப் பொரித்த இறாலின் மேனி வண்ணத்தையும், கடிக்கையில் அது எழுப்பும் ஓசையையும், வென்ற வேந்தனின் வாயிலில் நின்று புகழ் பாடும் பாணனைப் போல நெடுநேரம் பாடுவார். இரண்டு வருடம் அவள் அந்தப் பாட்டைக் கேட்டபடி அவருக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள். தன் வாயில் ஊறியதைப் பிறர் பொருளைப் போல மறைத்து விழுங்கினாள். தலைமைக் கிளாக்கராக உயர்ந்த முத்துக்குமாரு, வரும் ஞாயிறு மதியம் மனைவியோடு அதே கடைக்கு விருந்துக்கு வரும்படி சிவசம்புவை அழைத்தபோது, அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சுக்குள்ளே முரசங்கள் முழங்கின.

நீலப் பட்டே கவசமாக, நெற்றித் திருநீறே வெற்றித் திலகமாக, மரப்படி ஏறிக் கடையின் மாடிக்கு வந்தாள் இராசேஸ்வரி. வட்ட மேசையே களம். நால்வர் கரண்டியும் ஒரே பாத்திரத்தில் இறங்கினால் எச்சிலாகுமென்று, ஆளாளுக்குத் தனித்தனியே பரிமாற வேண்டும் என முத்துக்குமாரு கடைக்காரரோடு முன்பே உடன்படிக்கை செய்திருந்தார். அந்த நல்லெண்ணத்தின் வழியாகத்தான் விதி உள்ளே நுழைந்தது.

ஏனெனில் இராசேஸ்வரி பிறந்த குலத்தில் விருந்தாளிக்கென்று ஒரு போர்முறை உண்டு. முதலில் சொல்லும் வேண்டாம் பண்பு. இரண்டாவது வேண்டாம் அடக்கம். மூன்றாம் முறை வற்புறுத்தும்போதுதான் உணவு இலையில் விழலாம். தோளில் துண்டும் நெற்றியில் வியர்வையுமாகப் பத்து மேசைகளுக்கிடையே புயலெனச் சுழன்ற அந்தச் சீனப் பரிசாரகர் இம்முறையை அறியார். வேண்டுமா என்று மலாய் மொழியில் ஒரு முறை கேட்டார். அவள் புன்னகையோடு கையால் தட்டை மூடினாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நம்பும் நேர்மையாளராகிய அவர் அடுத்தவரிடம் போய்விட்டார். சூப்பு போயிற்று. ஆவியில் வெந்த மீன் போயிற்று. கோழியும் அவள் கண்ணெதிரே கொடியும் படையுமாகக் கடந்து போயிற்று. தன் கை தன் சொல் கேளாதது என்பதை அன்றுதான் அவள் கண்டாள். பாவாடை கட்டிய வயதில் யாரோ பழக்கிய கை அது. மனம் நீளு நீளு என்று ஆணையிட, அது போய்ப் போய்த் தட்டையே மூடியது.

இறுதியில் இறால் வந்தது. பொன்முலாம் பூசிய வீரர்கள் வால் நிமிர்த்தி அணிவகுத்ததைப் போல வந்தது. முத்துக்குமாருவின் மனைவி தங்கரத்தினம் சீனக் கடைகளில் பழம் தின்று கொட்டை போட்டவள். முதற்கேள்விக்கே தட்டை நீட்டினாள். ஆண்கள் இருவரும் நீட்டினார்கள். இராசேஸ்வரியின் கை, அந்தோ, மூடியது. ஒரேயொரு இறால் மிஞ்சிய தட்டை நடுவில் வைத்துவிட்டுப் பரிசாரகர் மறைந்தார்.

தங்கரத்தினம் அதைப் பார்த்தாள். இவளையும் பார்த்தாள்.

“நீர் எடும் இராசேஸ்வரி. ஒண்டும் சாப்பிடேல்லையே.”

“எனக்குப் போதும் அக்கா. நீங்கள் எடுங்கோ.”

“வெக்கப்படாமல் எடும்.”

“இல்லை அக்கா, உண்மையா வேண்டாம்.”

இதோ, மூன்றாம் அழைப்பு வரப்போகிறது. மலைமேல் நின்று மழையை எதிர்பார்க்கும் மயிலைப் போல, கோட்டை வாயில் திறக்கும் கணத்துக்காகக் குதிரையின் கடிவாளத்தை இறுகப் பிடித்த படைத்தலைவனைப் போல, இராசேஸ்வரி மூச்சடக்கிக் காத்திருந்தாள். அப்போது சிவசம்பு, பல்லிடுக்கில் சிக்கியதை நாவால் துழாவியபடி, வெகு அன்போடு வாய் திறந்தார்.

“அவவை விடுங்கோ. அவவுக்கு இறாலில பெரிய விருப்பம் ஒண்டும் இல்லை.”

தங்கரத்தினத்தின் முள்ளுக்கரண்டி எழுந்தது.

அந்த ஒரு கணத்தில் இராசேஸ்வரியின் உள்ளத்தில் நிகழ்ந்ததைச் சொல்ல ஆயிரம் நாவுடையோரும் அஞ்சுவர். இரண்டு வருட மோர் பொங்கியது. அத்தனை நாளும் எதிரே நின்று கேட்டவளின் தொண்டை அசைந்ததைக்கூட அந்த மனிதர் பார்த்ததில்லை என்பது விளங்கியது. கோபம் வருமென்று நினைத்தாள், வந்தது சிரிப்பு. அவர் எப்படி அறிவார்? எதையும் வெளியே தெரியாமல் வைத்திருப்பதில் இம்மண்டலத்தில் தன்னை வெல்ல ஆளில்லையே. வென்றுவென்று பட்டினி கிடந்த அந்தப் பெருவீரத்தை அங்கேயே, அந்த மேசையடியிலேயே, வாளைக் கீழே போடுவதுபோலப் போட்டாள். போட்டு, கோலாலம்பூரின் எட்டுத் திக்கும் கேட்பதாகத் தனக்குத் தோன்றிய, உண்மையில் பக்கத்து மேசைக்கும் எட்டாத குரலில், தன் வாழ்நாளின் முதல் பிரகடனத்தை வெளியிட்டாள்.

“ஆர் சொன்னது? எனக்கு அது வேணும்.”

கரண்டிகள் நின்றன. முத்துக்குமாரு தட்டை இரு கையாலும் ஏந்தி, திறை செலுத்தும் சிற்றரசரைப் போல அவள்முன் நகர்த்தினார். சிவசம்பு தன் மனைவியை, அன்றுதான் ரயிலிலிருந்து இறங்கிய ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“இதைச் சொல்ல உமக்கு இவ்வளவு நேரமே?” என்று சிரித்தாள் தங்கரத்தினம்.

விண்ணோர் மலர் தூவ, திசைகாக்கும் யானைகள் துதிக்கை உயர்த்த, பட்டுச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முள்ளுக்கரண்டியை ஒதுக்கிவிட்டுத் தன் ஐந்து விரலாலும் அந்தப் பொன்னிற வீரனின் வாலைப் பற்றித் தூக்கி இராசேஸ்வரி கடித்தாள்.

ஆறிப்போயிருந்ததால், இன்னொரு தட்டு இறால் கொண்டுவரச் சொன்னாள்.