முழங்காலில் போன பால்கனி

உயரத்துக்குப் பயப்படுகிறவன் ஒன்பதாவது மாடியில் வீடு வாங்கக் கூடாது. வாங்கினாலும் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான் வாங்கவும் வாங்கினேன், சொல்லவும் இல்லை. (காத்துக்கு மேல்மாடிதான் நல்லது என்று பில்டரிடம் அளந்துவிட்டதும் அடியேன்தான்.)

வானகரத்து வீட்டின் சாவி கைக்கு வந்த பிறகு குட்டு வெளிப்பட்டது. பால்கனிக் கதவைத் திறந்தாலே எனக்கு உள்ளங்கால் கூசும், தொடை நடுங்கும். என் மனைவி ஸ்டெல்லா இதைக் கண்டுபிடித்தபோது, வீடு மந்திரிக்க ஃபாதரிடம் நாள் வாங்கியாகிவிட்டது. ஃபாதர் தீர்த்தம் தெளித்தபடி அறை அறையாகப் போவார். வீட்டுக்காரன் மெழுகுவர்த்தி ஏந்திக் கூடவே போக வேண்டும், பால்கனி உட்பட. மாமியார் வீட்டுச் சனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அம்பத்தூருக்கே தெரிஞ்ச மாதிரி" என்ற ஸ்டெல்லா, கையோடு என்னை ஒரு மனநல மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள்.

அங்கே விர்ச்சுவல் ரியாலிட்டி சிகிச்சை உண்டு. கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டால், நின்ற இடத்திலேயே மாடி மாடியாக ஏறலாம். பயம் தணியத் தணிய அடுத்த மாடி. நல்ல ஏற்பாடு. நோயாளி கொஞ்சம் யோக்கியனாக இருந்தால் போதும்.

சிகிச்சை தந்த பெண் என்னை முதல் மாடியில் நிறுத்தி, "பயம் பத்துக்கு எவ்வளவு சார்?" என்று கேட்டாள்.

நிஜத்தில் எட்டு. ஆனால் பக்கத்தில் ஸ்டெல்லா நிற்கிறாளே.

"ஒண்ணு" என்றேன்.

"பரவால்லையே. மேல போலாமா?"

"தாராளமா."

மாடிக்கு மாடி அதே ஒன்றைச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் மொட்டைமாடி விளிம்பில் நீட்டியிருந்த ஒற்றைப் பலகையில் நின்றேன். கீழே பஸ்கள் எறும்பாக ஊர்ந்தன. அவ்வளவுதான். மண்டியிட்டு, கைக்கு அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு, "மாதாவே காப்பாத்து" என்று அலறினேன். பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், என் பிடியில் ஸ்டெல்லாவின் கால்கள். கல்யாணமான நாள் முதல் அவள் எதிர்பார்த்தது அதைத்தான்.

"நீங்க பொய் சொன்னா மெஷின் என்ன சார் பண்ணும்?" என்றாள் அந்தப் பெண். அடுத்த வாரம் மறுபடி முதல் மாடியிலிருந்து தொடங்கலாமாம். மந்திரிப்போ இந்த வாரம்.

ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொண்டேன். மண்டி போட்டால் பயம் சற்றுக் குறைகிறது.

மந்திரிப்பு அன்று ஃபாதர் பால்கனி வாசலைத் தாண்டினார். உருகிய மெழுகு கையில் சொட்டியதுகூட எனக்கு உறைக்கவில்லை. பின்னால் கூட்டம் நெருக்கியது. வேறு வழி தெரியாமல் மண்டியிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, முழங்காலாலேயே வெளியே நகர்ந்தேன்.

மாமியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஸ்டெல்லாவைப் பார்த்தார். "வேளாங்கண்ணில முட்டி போட்டுப் போவாங்களே, அந்த மாரி மாப்ள வேண்டிகினு போறாருடி. நீ இன்னா மரமாட்டம் நின்னுகினு கீற? முட்டி போடு."

ஸ்டெல்லா போட்டாள். மூட்டுவலிக்கார மாமனார் போட்டார். பிறகு வரிசையாகச் சனம் மொத்தமும். திரும்பிப் பார்த்த ஃபாதர் கண் கலங்கி, அவரும் போட்டார். நான் அரைக்கண் திறந்து பார்த்தபோது ஸ்டெல்லாவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. (பக்தியில் அழுகிறாள் என்று அவள் அத்தை முதுகைத் தடவிக்கொடுத்தாள்.)

அதற்குப் பிறகு எண்களை ஒழுங்காகச் சொல்லிச் சிகிச்சையை முடித்தேன். இப்போது பால்கனியில் நின்று காப்பி குடிக்கிறேன், துணி உலர்த்துகிறேன். மாமியார் வரும் நாளில் மட்டும் அது நடக்காது. "மாப்ள முட்டி போட்டு வேண்டிகின எடம்" என்று புதுப்புதுச் சொந்தங்களைக் கூட்டி வந்து மண்டியிட வைத்துவிடுகிறார். முன்னால் நான்தான் போக வேண்டும். ஸ்டெல்லா கதவில் சாய்ந்தபடி என் காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்பாள்:

"பத்துக்கு எவ்வளவு?"

பயம் ஒன்று. இந்த முறை நிஜமாகவே ஒன்றுதான். முட்டி வலி ஒன்பது.