தேயாத தரை

அலுவலகத் தரைக்குப் பளபளக்கும் நானோ பூச்சு பூசுவது என்று மேலிடம் முடிவெடுத்தபோது கண்காணிப்பாளருக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஊரே பூசிக்கொண்டிருந்தது. பூசாத வீட்டுக்காரர்கள் விருந்தாளி வந்தால் பாயை விரித்துத் தரையை மறைத்தார்கள்.

வம்பு எங்கே வந்தது என்றால், அவர் மேஜை வாசலை ஒட்டிக் கிடந்தது. மனுவோடு வருகிறவர்கள் இரும்பு நாற்காலியை இழுக்க இழுக்க, அந்த இடத்துப் பூச்சு தேய்ந்து கண்ணுக்குத் தெரியாத தூசியாகக் கிளம்பியது. அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. மனிதர் பயந்துபோய், பூச்சைச் சுரண்டி எடுத்துவிடும்படி மேலே எழுதிப் போட்டார்.

சோதனை அதிகாரி ஒரு கருவியோடு வந்தார். எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி அளந்தார். தூசியே இல்லை என்றது கருவி.

"ஆளுங்க நடக்கும்போது அளந்து பாருங்க சார்," என்றார், கதவு திறந்ததும் உள்ளே வந்த கண்காணிப்பாளர்.

"நடந்தா தேயுமே?"

"அதைத்தான் சார் சொல்றேன்."

"தேயாத பூச்சுன்னு சொல்லித்தான் வாங்கியிருக்கு. தேஞ்சா அது வேற பூச்சு. அதை அளக்க எனக்கு அதிகாரம் கிடையாது."

கண்காணிப்பாளர் மேலும் வாதாட வாயைத் திறந்தார். இருமல்தான் வெளியே வந்தது. கருவியின் முள் துள்ளியது. அதிகாரியின் முகம் மலர்ந்தது.

மேற்படி தூசியை வெளியிடுபவர் மேற்படி கண்காணிப்பாளரே என்றும், தரையின் நலன் கருதி அவரை முழுச் சம்பளத்துடன் வீட்டில் இருக்கச் செய்யலாம் என்றும் அறிக்கை தயாராயிற்று. அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. முழுச் சம்பளம் என்ற இடத்தைப் படித்ததும் அவருக்கு மானம், ரோஷம் எல்லாம் மறந்துபோயிற்று. அறையில் மிச்சமிருப்பவர்களின் மூச்சைப் பற்றி ஒரு கணம் யோசித்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் இருமல் நின்றது. சந்தோஷம் தாங்கவில்லை. சக ஊழியர்கள் வந்து, எப்படி இருமினீர்கள் என்று பக்குவம் கேட்டுப் போனார்கள். அறிக்கையின் நகலும் ஊரைச் சுற்றியது. தரைமேல் குற்றமில்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்ட பிறகு, தயங்கி நின்ற வீடுகளும் பூசிக்கொண்டன. அவர் மனைவி மட்டும் சும்மா இருப்பாளா? அவர் தன் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் கூடம் பளபளத்தது.

சில வாரம் நாற்காலிகள் இழுபட்டன. பழைய இருமல் வந்து சேர்ந்தது.

"இந்தத் தரைதான் காரணம். ஆளைக் கூப்பிட்டுச் சுரண்டச் சொல்லு," என்றார் மூச்சு வாங்க.

"நீங்கதான் காரணம்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எழுந்து வெளியில போய் உட்காருங்க. தரை கெட்டுடப் போகுது."

வாசலுக்கு வந்தார். எதிர்வீட்டுக்காரர் ஏற்கெனவே வெளியே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த வீட்டுக்காரரும் அப்படியே. தெரு நெடுக ஆட்கள் வெளியே இருந்தார்கள். வீடுகளுக்குள் தரைகள் சௌக்கியமாக இருந்தன.