மரம் எப்படி இருக்கு?

"அந்தப் பெரியவர்கிட்ட என்ன சொன்னே? முகம் அப்படியே தொங்கிப்போச்சே!"

முழங்கால் வரை பனியில் புதைந்தபடி லோர்னா கேட்டாள். அவள் புருஷன் வெண்டல் குக்கெமோஸ் கோட்டின் உள்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிஸ்கட் டப்பா பத்திரம்.

"மரம் எப்படி இருக்குன்னு கேட்டாரு. பதில் சொன்னேன்."

"என்னன்னு?"

"விளக்கமாறு மாதிரி இருக்குன்னு."

"வெண்டல்!"

"தமாஷுக்குச் சொன்னேன். நீயும் பார்த்தியே, ஏழெட்டுக் கிளைதான் இருந்துச்சு."

"அடுத்த நிமிஷம் வாசல்ல நிக்கறோம். வாயா அது? எல்லாம் உங்க அப்பாகிட்டேயிருந்து வந்தது."

டப்பாவுக்குள் பஞ்சில் சுற்றிய ஒரு நீலக் கண்ணாடிப் பறவை இருந்தது. கிறிஸ்துமஸ் மரக் கிளையில் கிளிப்பால் மாட்டுகிற பறவை. அறுபது வருஷம் முன்னால் இந்த வைசென்ரீட் கிராமத்தை விட்டு அமெரிக்காவுக்குப் போன லென்ஸ் குக்கெமோஸ், ஊரிலிருந்து கொண்டுபோன ஒரே சொத்து. போன வசந்தத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதை மகன் கையில் வைத்து, "இதோட ஜோடி எங்க வீட்டு மரத்துல இருக்கு. கொண்டுபோய்ச் சேர்த்துடு" என்றார். எந்த வீடு என்று வெண்டல் கேட்பதற்குள் தூங்கிப்போனார். எழுந்திருக்கவில்லை.

ஊரில் பாதிப் பேர் குக்கெமோஸ். பதிவேட்டைப் பார்க்கலாமென்றால் அலுவலகம் ஜனவரி ஏழாம் தேதிதான் திறக்குமாம். நாளை காலை விமானம். இன்று நாலு மணிக்குக் கடைசி பஸ். வீடு வீடாக மரத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

'விளக்கமாறு' என்று கேட்ட அந்த முதல் வீட்டுப் பெரியவர் பறவையை ரொம்ப நேரம் பார்த்தார். அவருடைய மருமகள் அவரைப் பார்த்தாள். "இங்க இல்ல. அடுத்த வீட்டைப் பாரு" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்த வீடு பால்பண்ணை மாக்னுஸுடையது. தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது.

"வாய்யா அமெரிக்கா! மரம் எப்படி இருக்கு?"

பட்டபின் வந்த புத்தி. "அருமையான மரம்!" என்றான் வெண்டல்.

மாக்னுஸ் மேஜைமேல் தயாராக இருந்த குட்டிக் கிளாஸில் சாராயத்தை ஊற்றி நீட்டினார். "கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மரத்தைப் புகழ்ந்தவனுக்கு ஊத்தியே ஆகணும். ஊர் வழக்கம். உங்கப்பன் சொல்லலியா?"

"இல்லையே."

"சொல்லியிருக்க மாட்டான்" என்று மாக்னுஸ் சிரித்தார். "பறவையா? இங்க இல்லப்பா. சென்ஸி வீட்டைப் பாரு."

வெளியே வந்ததும் வெண்டல் முடிவெடுத்தான். புகழ்ந்தால்தானே ஊற்றுவார்கள்? வாயையே திறப்பதில்லை.

சென்ஸி குண்டான விதவை. அவன் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பறவையைக் காணாமல், மௌனமாக நின்றான்.

"ஏன், என் மரத்துக்கு என்ன கேடு?" இடுப்பில் கை வைத்தாள் சென்ஸி. "வாய் வரலியா? வரவைக்கிறேன்." அலமாரியிலிருந்து பேரிக்காய்ச் சாராயம் இறங்கியது. வாயைத் திறக்க ஒன்று. திறந்து புகழ்ந்ததற்கு ஒன்று.

"இனிமே நீ பேசாதே. நான் பாத்துக்கறேன்" என்றாள் லோர்னா.

அவளுக்கு அந்த ஊர்ப் பேச்சில் தெரிந்தது ஒரே வார்த்தை: 'அழகு'. நாலாவது வீட்டில் அதை ஒரு பூனையைப் பார்த்துச் சொன்னாள். பூனை மரத்தடியில் படுத்திருந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஊற்றினார்கள்.

"பூனையைத்தான் சொன்னேன்னு சொல்லேன்!"

"சொன்னேன். பூனைக்குத் தனியா ஒண்ணு ஊத்தறாங்களாம்."

ஐந்தாவது வீட்டில் கல்யாணமாகாத அண்ணன் தம்பி. புகழ்ந்தாலும் ஆபத்து, சும்மா இருந்தாலும் ஆபத்து என்பதால் வெண்டல் நடுவழியைப் பிடித்தான். "நல்ல மரம்தான். கொஞ்சம் சாஞ்சிருக்கு."

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் அண்ணன்.

"எவன்டா சாஞ்சிருக்குன்னது?" என்றார் தம்பி. சாய்வு பார்க்க ரசமட்டம் வந்தது. மரத்தின்மேல் ஏணி சாய்ந்தது. இருவரும் வெண்டலைத் தம் பக்கம் இழுக்க ஆளுக்கு இரண்டு ஊற்றினார்கள். கடைசியில், நிமிர்ந்து நின்ற மரமே வெண்டல் கண்ணுக்குச் சாய ஆரம்பித்தது.

"மூணே முக்கால்" என்றாள் லோர்னா. "பறவையைத் திரும்பத் தூக்கிட்டுப் போகப்போறோமா?"

வெண்டல் உள்பையிலிருந்த டப்பாவை அழுத்திப் பிடித்தான். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இன்னும் ஒரு வீடு பாக்கி" என்று சகோதரர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவனைத் தெருவில் நடத்திப்போனார்கள். ஒரு கதவு திறந்தது.

"வெண்டல், இது முதல்ல வந்த வீடு" என்று லோர்னா கிசுகிசுத்தாள்.

அவன் காதில் விழவில்லை. மரத்தின் முன்னால் நின்றுவிட்டான். இப்போது மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. ஏழெட்டுக் கிளைகள். இடையில் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் பனி, பனிக்கு அப்பால் சர்ச் கோபுரம்.

"எங்கப்பா..." வெண்டலுக்கு நாக்குக் குழறியது. "கடையிலேயிருந்து கொழுத்த மரமா வாங்கிட்டு வருவாரு. ஜோடிச்சு முடிச்சதும் எதிர்ல உக்காந்து பெருமூச்சு விடுவாரு. 'இதெல்லாம் மரமாடா? கிளைக்குக் கிளை இடம் விடணும். மெழுகுவத்தி எரியறப்போ ஜன்னல் தெரியணும். என் தம்பி வெட்டிட்டு வர்ற மரம்தான் மரம்'பாரு. வருஷா வருஷம்." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அந்த மரம் இதுதாங்க. இதைவிட நல்ல மரம் இந்த ஊர்ல இல்ல. எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

நாற்காலியிலிருந்து பெரியவர் மெல்ல எழுந்தார். பாட்டிலை எடுத்து ஊற்றினார். பாதி மேஜையில் கொட்டியது.

"நிஜமாவா சொன்னான் லென்ஸ்?"

"வருஷா வருஷம்."

"இதே இடத்துல நின்னுக்கிட்டு 'விளக்கமாறு'ன்னான். ஊரே இருந்துச்சு. அறைஞ்சுட்டேன். ஒரு பறவையைப் பிடுங்கிக்கிட்டுப் போனவன்தான்." பெரியவர் தன் உள்கோட்டுப் பைக்குள் கையை விட்டு, நீலக் கண்ணாடிப் பறவை ஒன்றை வெளியே எடுத்தார். "அன்னியிலேயிருந்து இதை மரத்துல மாட்டவே இல்ல. நான் அலோய்ஸ். உன் சித்தப்பன்."

இரண்டு பறவைகளையும் ஒரே கிளையில் மாட்டினார்கள். தெருவில் நாலு மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. லோர்னா திரும்பிப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்து "அழகு" என்றாள். இந்த முறை மரத்தைத்தான் சொன்னாள்.

"என்ன ஒரு ஆச்சரியம்!" வெண்டல் மூக்கை உறிஞ்சினான். "ஊரெல்லாம் சுத்தி, தற்செயலா இங்கேயே வந்து சேர்ந்திருக்கேன் பாருங்க."

காலிக் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த மருமகள் வால்புர்கா நிமிர்ந்தாள்.

"தற்செயலா? நீங்க படி இறங்கினதுமே மாமா ஊர் பூரா போன் போட்டுட்டாரே: 'லென்ஸ் மகன் வர்றான், அப்பன் வாய் அப்படியே இருக்கு, என் மரம் நல்லாருக்குன்னு சொல்ற வரைக்கும் ஊத்தி அனுப்புங்க'ன்னு!"